மறுக்கா வந்த சத்தம்

சத்தத்தை அணைக்காதீங்க தம்பி. இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல. முன்சீட்டு அம்மா திரும்பிப் பாத்தாங்கன்னுதானே கை போகுது? பாத்துட்டுப் போறாங்க, விடுங்க. முதல்ல உங்க போன்ல ஒரு டிங். அது அடங்குறதுக்குள்ள லேப்டாப்புல அதே டிங். மெசேஜ் ஒண்ணுதான், சத்தம் ரெண்டு. எனக்குத் தெரியும். கோவில்பட்டியில நீங்க ரயில்ல ஏறி உக்காந்ததுல இருந்து அதைத்தான் கேட்டுக்கிட்டு வர்றேன். ஒவ்வொரு தடவையும் அந்த ரெண்டாவது வந்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்கா வருது. சிரிக்காதீங்க.

சரி, சிரிங்க. நானும் ஒரு காலத்துல சிரிச்ச ஆளுதான். அந்த ரெண்டாவது சத்தம் கேட்டா கையில இருக்கிறதைத் தூக்கி எறியலாம் போல இருக்கும் எனக்கு. பேரு உலகநாதன். பொறந்து வளர்ந்தது ஆவடி. அம்பத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில பில்லிங் செக்‌ஷன். ஒரே பில்லு ரெண்டு தடவை ஏறியிருந்தா அதைக் கண்டுபிடிச்சு அடிக்கிறதுதான் என் வேலை. தலை நரைக்கிற வரைக்கும் அதைத்தான் பண்ணியிருக்கேன். அதனால எதுவுமே ரெண்டு தடவை வந்தா எனக்கு ஆகாது. கை அரிக்கும், ஒண்ணை அடிக்கணும்னு.

வீட்ல இருந்தே வேலை பாக்கலாம்னு கம்பெனியில சொன்னதும் பாளையங்கோட்டைக்கு வந்துட்டோம். என் சம்சாரம் வடிவுக்கு அவ அப்பா விட்டுட்டுப் போன வீடு. முழுப் பேரு சண்முகவடிவு. வாடகை மிச்சம், தண்ணி நல்லா இருக்கும்னு அவதான் கூட்டிட்டு வந்தா. சரின்னேன்.

இப்ப, ரிமோட் டெஸ்க்டாப் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் சொல்லிடறேன், இல்லாட்டி என் கதை புரியாது. அம்பத்தூர் ஆபீஸ்ல என் மேசை மேல ஒரு கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். ஆள் கிடையாது, நாற்காலி காலி. நான் பாளையங்கோட்டையில என் லேப்டாப்பைத் திறந்து, இங்க இருந்தே அதை ஓட்டுவேன். அதோட திரை இங்க தெரியும், அதோட சத்தம் இங்க கேக்கும். அங்க பாத்தா திரை பூட்டிக் கிடக்கும். நான் இருக்கேன்னு தெரியவே தெரியாது.

மெசேஜ் அனுப்புற சாப்ட்வேர் ரெண்டுலயும் இருந்துச்சு. லேப்டாப்புலயும், ஆபீஸ் மெஷின்லயும். யாராவது "குட் மார்னிங் சார்"னு ஒண்ணு தட்டினா போதும். முதல்ல லேப்டாப்புல டிங். பளிச்சுன்னு இருக்கும். அப்புறம் அம்பத்தூர் மெஷினோட டிங் ஒயர்ல ஏறி, அவ்வளவு தூரம் ஓடி வந்து, கொஞ்சம் அமுங்கி, கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இதே கதை. டிங், டிங். டிங், டிங். மனுஷன் பைத்தியமா ஆயிடுவான்.

இதுல வீட்டுக்குள்ளயும் எனக்கு ஒரு ரெண்டாவது சத்தம் இருந்துச்சு தம்பி. வடிவுதான்.

அவ எதையும் ஒரு தடவை சொல்லி விட மாட்டா. "இங்கேருங்க, காப்பி ஆறுது. இங்கேருங்க, காப்பி ஆறுது." "பால்காரர் வந்துருக்காரு. பால்காரர் வந்துருக்காரு." என்னைப் பேர் சொல்லியா கூப்பிடுவா? "இங்கேருங்க"தான். அதையும் ரெண்டு தடவை. கல்யாணமான புதுசுல எனக்குக் காது மந்தம்னு யாரோ இவகிட்ட சொல்லிட்டாங்களோன்னு நெனச்சேன்.

அவ பொறந்தது சாத்தான்குளத்துக்குத் தெக்கே, தேரிக்காட்டை ஒட்டின ஊரு. எங்க பாத்தாலும் செவப்பு மணலு, பனைமரம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் தூரம். அங்க ஒரு வழக்கம். பொழுது சாஞ்ச பிறகு வெளியே இருந்து யாராவது கூப்பிட்டா, முதல் தடவைக்கு வாயே திறக்க மாட்டாங்க. மறுக்கா கூப்பிடணும். அப்பதான் "யாரு"ன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டேன்.

"செத்தவுக ஒருக்காத்தான் கூப்பிடுவாக. மறுக்கா கூப்பிட அவுகளால ஆகாது. உசுரோட இருக்கவுகதான் மறுக்கா கூப்பிடுவாக"ன்னா.

"சரி, அந்த ஒரு தடவைக்கே பதில் சொல்லிட்டா?"

"அவுக கூடப் போயிரணும்."

"பட்டப்பகல்ல, ரசம் விடவான்னு கேக்குறதுக்கு எதுக்குடி ரெண்டு தடவை? நீ மனுஷிதான்னு எனக்குத் தெரியாதா?"

"பழகிப் போச்சு"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "பழகிப் போச்சு, இங்கேருங்க"ன்னு மறுக்கா சொன்னா.

நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல தம்பி. அவளை அடிச்சதில்ல, ஏசினதில்ல. குடிக்க மாட்டேன். ஆனா வீட்ல இருந்து வேலைன்னு ஆன பிறகு இந்த மெஷின் ரெண்டு, இவ ஒருத்தி, எல்லாம் சேர்ந்து எனக்கு நாலு சத்தமா ஆயிடுச்சு. அதனால ஒரு வேடிக்கை பண்ணினேன். அவ எதையாவது ரெண்டாவது தடவை சொன்னா, உடனே நான் "டிங்"னு சொல்வேன். அவ்வளவுதான். "இங்கேருங்க, சாப்பிட வாரியளா. இங்கேருங்க..." "டிங்!" அவளும் சிரிப்பா. முதல்ல நல்லாவே சிரிச்சா.

தீபாவளிக்கு அவ தம்பி நயினார் குடும்பத்தோட வந்திருந்தான். இலையில உக்காந்திருக்கோம். இவ ரசக் கிண்ணத்தோட வந்து, "இங்கேருங்க, ரசம் விடவா? ரசம் விடவா?"ன்னா. "டிங்!"னேன். அவன் பிள்ளைங்க உருண்டு புரண்டு சிரிச்சுதுங்க. பிறகு அன்னைக்குப் பூரா அதுங்களும் அத்தை வாயைத் திறந்தா டிங், டிங்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சுதுங்க. நயினார் மட்டும் சிரிக்கல. அவன் எப்பவுமே ஒரு மாதிரி. நல்ல வேடிக்கையை ரசிக்கத் தெரியாது.

அதுக்கப்புறம் பாருங்க, மெல்ல மெல்ல சரியா வந்துட்டா. ரெண்டாவது தடவை சொல்றதுக்கு வாய் திறக்கும், என்னைப் பாப்பா, மூடிக்குவா. பிறகு வாய் திறக்கிறதும் நின்னுடுச்சு. ஒரு தடவை சொல்வா, போயிடுவா. இந்த வயசுல ஒரு பொம்பளை தன்னை மாத்திக்கிட்டான்னா அது சாதாரணமா? எனக்கு அவ மேல பெருமையா இருந்துச்சு. நயினார்கிட்ட போன்லயே சொன்னேன், உங்கக்கா இப்ப ஒரு சேதிக்கு ஒரு சத்தம்தான்னு. அவன் போனை வச்சுட்டான்.

வீட்டை சரி பண்ணியாச்சு. இனிமே மெஷின்.

திண்டுக்கல் வந்துடுச்சு போல. டீ வருது, சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

ரிமோட்ல சத்தத்துக்கு மூணு வழி வச்சிருக்கான் தம்பி. ஆபீஸ் மெஷினோட சத்தம் இங்க கேக்கட்டும், இது ஒண்ணு. எங்கயுமே கேக்க வேண்டாம், இது ரெண்டு. மூணாவது, அங்கேயே கேக்கட்டும். நான் முதல்ல லேப்டாப்போட சொந்த டிங்கை அடைச்சேன், மீட்டிங் பேச்சை மட்டும் விட்டுட்டு. ஆபீஸ் மெஷின் சத்தம் மட்டும் இங்க வந்துச்சு. ஒரு மெசேஜ், ஒரு டிங். அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா மீட்டிங் வந்தா நான் பேசுறதே எனக்குத் திரும்பிக் கேக்க ஆரம்பிச்சுது. பாத்தேன். அந்த மூணாவதைப் போட்டேன். அங்கேயே கேக்கட்டும். என் வீட்ல சுத்தமா அமைதி. மெசேஜ் வந்தா திரையோட மூலையில ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பாக்கும், அது போதும்னு விட்டுட்டேன்.

அங்க பக்கத்து மேசை ரெக்ஸ்லின்னு ஒரு பொண்ணு. கன்னியாகுமரிப் பக்கம். நல்ல வேலைக்காரி, ஆனா வாய் அதிகம். போன் பண்ணினா.

"சார், உங்க சீட்ல ஆளே இல்ல, திரை பூட்டியிருக்கு, ஆனா சத்தம் மட்டும் வருது சார். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது டிங்குது. எல்லாருக்கும் பயமா இருக்கு."

"என் மெசேஜ்தாம்மா அது. நான்தான் அங்க அனுப்பி வச்சிருக்கேன்."

"கொஞ்சம் நிறுத்திடுங்க சார்."

"நிறுத்தினா எனக்கு இங்க எக்கோ அடிக்குது. நீ உன் வேலையைப் பாரு. இனிமே இந்தச் சத்தத்துக்கெல்லாம் எனக்குப் போன் பண்ணாத"ன்னு கொஞ்சம் கடுமையாவே சொல்லிட்டேன். ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒருத்தங்க என் மானிட்டருக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து வச்சுட்டாங்களாம். போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. பேய்க்கு வெறும் பழத்தைக் குடுத்தா எப்படி, உப்பு போட்டு ஜூஸா குடுங்கன்னு பதில் போட்டேன். வடிவுகிட்டயும் போட்டோவைக் காட்டினேன். அவ சிரிக்கல. "ஒருக்காத்தான் கேக்குதாமா?"ன்னு கேட்டா.

"ஆமா, அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டேன்"னேன்.

போனைத் திருப்பிக் குடுத்துட்டு உள்ள போயிட்டா.

இன்னொண்ணும் சொல்லணும். நான் மீட்டிங்ல இருக்கும்போது இவ வந்து கதவுல நின்னு கூப்பிட்டா மத்தவங்களுக்குக் கேக்குதில்ல? அதனால அவ போன்லயும் அந்த சாப்ட்வேரைப் போட்டுக் குடுத்தேன். ஏதாவது வேணும்னா மெசேஜ் போடு, ஒண்ணு போட்டா போதும்னு சொல்லிக் குடுத்தேன். தமிழ்ல அடிக்கக் கத்துக்கிட்டா. "சாப்பாடு ரெடி." "வெளியே போறேன்." ஒவ்வொண்ணும் ஒரே தடவை. அழகா இருக்கும்.

அன்னைக்கு ஆடிட்டரோட மீட்டிங். மத்தியானம். என் திரையை எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருக்கேன். அப்படிக் காட்டும்போது அந்தச் சின்னப் பெட்டி வராத மாதிரி வச்சிருந்தேன். நம்ம வீட்டு சேதியை ஆடிட்டர் படிக்கணுமா என்ன? போனை உள்ரூம்ல சார்ஜ் போட்டுட்டு வந்திருந்தேன். ஒரு காதுல ஹெட்போன். பழைய பில்லு ஒண்ணு ரெண்டு தடவை ஏறியிருக்குன்னு ஆடிட்டர் சொல்றாரு, இல்லவே இல்லன்னு நான் சொல்றேன். எனக்கு ரோஷம். இத்தனை வருஷத்துல என் கையில அப்படி நடந்ததே இல்ல.

அப்ப வீட்டுக்குப் பின்பக்கம் இருந்து, "இங்கேருங்க"ன்னா.

கேட்டுச்சு. பொய் சொல்ல மாட்டேன். நல்லாக் கேட்டுச்சு.

நயினாரும் இதைத்தான் கேட்டான், கேட்டுச்சுன்னா ஏன் எந்திரிக்கலன்னு. நீங்களே சொல்லுங்க தம்பி. அவசரம்னா ஒருத்தர் திரும்பக் கூப்பிட மாட்டாங்களா? நான் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். மறுக்கா கூப்பிட்டா எந்திரிக்கலாம்னு. எப்பவும் அப்படித்தானே? கல்யாணமான நாள்ல இருந்து அவ முதல் தடவை கூப்பிட்டா நான் "ம்"னுகூடச் சொன்னதில்ல. ரெண்டாவதுக்குத்தான் எந்திரிப்பேன். அது அவளுக்கும் தெரியும். ரெண்டாவது வரல. சரி, ஏதோ சும்மா கூப்பிட்டிருக்கா, வேலை முடிஞ்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. நெனப்பாங்களா இல்லையா?

பில்லு பிரச்சனையில நான்தான் ஜெயிச்சேன். அது வேற பில்லு, நம்பர்தான் ஒரே மாதிரி. ஆடிட்டர் மன்னிப்புக் கேட்டாரு. அந்தச் சந்தோஷத்துல காப்பி கேக்கலாம்னு எந்திரிச்சுப் போனேன்.

துணி துவைக்கிற கல்லுப் பக்கத்துல கெடந்தா. ஒருக்களிச்சு. கையில போனு. முகம் வேர்த்து, வேர்வை காஞ்சும் போயிருந்துச்சு. எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? வடிவு, வடிவுன்னு தெருவே கேக்குற மாதிரி கத்தினேன். ஒண்ணு ரெண்டு இல்ல. எண்ணிக்கையே கிடையாது.

ஆஸ்பத்திரியில டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி..."ன்னு ஆரம்பிச்சு, என் மூஞ்சியைப் பாத்துட்டு நிறுத்திட்டாரு. நல்ல மனுஷன். நயினார் நிறுத்தல. காரியமெல்லாம் முடிஞ்சு, சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கும்போது சொன்னான்: "அத்தான், எங்கக்கா பேச்சைப் பாதியாக் கொறச்சிட்டிய. அந்தப் பாதியிலதான் அவ உசுரு இருந்துச்சு." என்னன்னு பதில் சொல்றது இவனுக்கு? கூப்பிடாதன்னு நான் எப்பவாவது சொன்னேனா? ரெண்டு தடவை கூப்பிடாதன்னுதானே சொன்னேன்! அதுவும் வேடிக்கைக்கு. அன்னையில இருந்து அவன் வீட்டு வாசப்படி மிதிக்கல நான்.

அவ போனைப் பிறகுதான் பாத்தேன். எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கா. ஒரே வார்த்தை. "இங்கேருங்க." வாயால கூப்பிட்டுப் பாத்திருக்கா, நான் வரல, உடனே அதைப் போட்டிருக்கா. அதுதான் தம்பி ரெண்டாவது. அவ மறுக்கா கூப்பிட்டுத்தான் இருக்கா. உசுரோட இருந்தவதான் கூப்பிட்டிருக்கா. ஆனா அந்தச் சத்தம் எங்க போயிடுச்சு?

ஆமா. அம்பத்தூர்.

ரெக்ஸ்லின் துக்கம் விசாரிக்கப் போன் பண்ணினா. அழுதா. "சார், அன்னைக்கு மத்தியானம் உங்க சீட்ல ஒரு டிங் வந்துச்சு சார். நாங்க எலுமிச்சம்பழத்தைப் பாத்துச் சிரிச்சோம்"னா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். ஏம்மா, சத்தம் கேட்டுச்சுல்ல, ஒரு போன் பண்ணி சார் உங்க சீட்ல ஏதோ சத்தம்னு சொல்லக் கூடாதா? ஒரு வார்த்தை! அவ்வளவு பேர் இருக்காங்க அந்த ஹால்ல, ஒருத்தருக்குத் தோணல. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பே கிடையாது தம்பி. உங்களைச் சொல்லல.

என்ன அது? உங்க போனா? ஒண்ணுதான் வந்துச்சு. ரெண்டாவது வரலையே. லேப்டாப்பை மூடிட்டீங்களா? எப்ப மூடினீங்க? இல்ல, இல்ல, மரியாதைக்கு மூடினீங்க, புரியுது. ஆனா திறங்க தம்பி. கொஞ்சம் திறந்து வைங்க. உங்க போன்ல இருந்துதானே வந்துச்சு, நிச்சயமா? நீங்க பாத்தீங்களா, மெசேஜ் இருக்கா? இருக்கு. சரி. சரி.

பயமா இருக்கு தம்பி. அதைச் சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

காரியம் முடிஞ்சு வீடு காலியானதும் நான் முதல்ல பண்ணின வேலை, எல்லாச் சத்தத்தையும் திறந்து விட்டதுதான். லேப்டாப் சத்தம், ஆபீஸ் மெஷின் சத்தம் இங்க வர்ற மாதிரி, எல்லாம். டிங், டிங். டிங், டிங். யாரும் மெசேஜ் போடலன்னா அவ போன்ல இருந்து நானே எனக்கு ஒண்ணு போட்டுக்குவேன். எழுத ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு புள்ளி. அனுப்பிட்டு உக்காந்து கேப்பேன். முதல்ல பளிச்சுன்னு ஒண்ணு, அப்புறம் அமுங்கி ஒண்ணு. ரெண்டும் வந்ததும் நிம்மதி. சாப்பிட உக்காருவேன்.

ஆனா சில நாள் மத்தியானம், நான் எதுவும் அனுப்பாமலே ஒரு டிங் வருது. ஒண்ணே ஒண்ணு. லேப்டாப்பைப் பாப்பேன், மெசேஜ் இல்ல. அவ போனைப் பாப்பேன், இல்ல. அக்கம்பக்கத்து வீட்ல யாருடைய போனோன்னு சன்னல்ல நின்னு பாத்தேன், எல்லாரும் தூங்குறாங்க. பின்பக்கம் இருந்து வருது தம்பி. துவைக்கிற கல்லுப் பக்கம் இருந்து. வந்துட்டு நின்னுடுது. நான் உக்காந்து ரெண்டாவதுக்குக் காத்திருப்பேன். காப்பி ஆறிடும். வெயில் சாஞ்சிடும். வராது.

ஒரு நாள் "வர்றேன்"னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அவ சொன்னது ஞாபகம் வந்துச்சு, பதில் சொன்னா கூடப் போயிரணும்னு. எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

நேத்துக் காலையில ரெக்ஸ்லின் மறுபடி போன் பண்ணினா. ஆபீஸ்ல அந்த மாடியைக் காலி பண்றாங்களாம். பழைய மெஷினெல்லாம் இன்னைக்குச் சாயங்காலம் லாரியில ஏத்திடுவாங்களாம், மேசையில என் சாமான் ஏதாவது இருந்தா சொல்லுங்க சார்னா. அந்த எலுமிச்சம்பழத்தைத் தவிர ஒண்ணும் இல்லம்மான்னேன். அவ போனை வைக்கல.

"என்னம்மா?"

"சார், திட்டக் கூடாது. உங்க மெஷினோட ஒயரை எல்லாம் உருவிச் சுத்தி மேசை மேல வச்சாச்சு. கரண்ட்டே இல்ல. நேத்து மத்தியானம் அதுல இருந்து ஒரு டிங் வந்துச்சு சார். நான் மட்டும் கேக்கல, எல்லாரும் கேட்டோம்."

ரெண்டு நாளா ரிமோட் ஓடாததுக்குக் காரணம் அதுதான்னு தெரிஞ்சுது, ஆனா என் கவலை அது இல்ல. "ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"ன்னு கேட்டேன்.

"ஒரு தடவைதான் சார்."

அதே மத்தியானம் இங்கேயும் வந்துச்சே! இங்க ஒண்ணு வந்துச்சு, ரெண்டாவதுக்கு நான் பொழுது சாயுற வரைக்கும் உக்காந்திருந்தேனே! அப்பதான் தம்பி எனக்கு விளங்குச்சு. அவ ரெண்டு தடவைதான் கூப்பிடுறா. முதல் தடவை வீட்ல, எனக்குக் கேக்குது. ரெண்டாவது தடவை, பழக்கப்பட்ட வழியில நேரா அம்பத்தூர் போயிடுது. நான் மாத்தி வச்சதெல்லாம் மெஷினுக்குத்தானே தெரியும், அவளுக்குத் தெரியாதில்ல? அன்னைக்கு எங்க போச்சோ அங்கேயே போகுது. ரெண்டும் ஒரே இடத்துல கேட்டா அது செத்தவ கூப்பிடுறது இல்ல. அவ ஊர்க் கணக்குப்படி, அது உசுரோட இருக்கவ கூப்பிடுறது. அதுக்கு நான் தைரியமாப் பதில் சொல்லலாம். "இதோ வந்துட்டேன் வடிவு"ன்னு வாய் நிறையச் சொல்லலாம். ஒரே ஒரு தடவை சொல்லிட்டா போதும் எனக்கு.

அதான் கிளம்பிட்டேன். லாரி வர்றதுக்கு முன்னாடி அந்த மேசையில போய் உக்காரணும். நான் இங்க வந்துட்டா வீட்ல முதல் தடவை கூப்பிடுறதை யாரு கேக்குறதுன்னு கேப்பீங்க. யோசிச்சேன். லேப்டாப்பையும் அவ போனையும் பையில எடுத்துட்டு வந்துட்டேன், இதோ காலடியில இருக்கு. ரெண்டும் ஆன்லதான் இருக்கு, முதல் தடவை இதுல கூப்பிடட்டும். மெஷினை எனக்கே குடுத்துடச் சொல்லி மேனேஜர்கிட்ட கேக்கப் போறேன். குடுக்க மாட்டாங்க. ரூல் இருக்கும். அந்த ரூல் எழுதினதுல நானும் ஒருத்தன். ஆனா சாயங்காலம் வரைக்கும் உக்கார விடுவாங்கல்ல? மத்தியானத்துக்குள்ள நான் அங்க இருக்கணும். இந்த வண்டி நேரத்துக்குப் போயிடும்தானே?

என்ன பாக்குறீங்க? பைத்தியம்னா? நயினாரும் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கானாம். சொல்லட்டும். எனக்கு அவன் மேல கோபம், ரெக்ஸ்லின் மேல கோபம், அந்த மூணாவது வழியை வச்சவன் மேல கோபம். அவன் எதுக்கு அப்படி ஒண்ணை வைக்கணும்? ஒரு மனுஷனுக்கு வர்ற சேதியோட சத்தம் அவன் இல்லாத இடத்துல கேட்டு யாருக்கு என்ன பிரயோஜனம்? இதை யாராவது கேட்டாங்களா? எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க, ஏன் எந்திரிக்கலன்னு.

அவ மேலயும் கோபம்தான். சொல்லிடறேன். நான் வேடிக்கைக்குச் சொன்னதை அப்படியா புடிச்சுக்குவாங்க? இன்னொரு தடவை வாய் விட்டுக் கூப்பிட்டிருக்கலாம். டிங்னு நான் சொல்லியிருப்பேன். சொல்லிட்டு எந்திரிச்சு வந்திருப்பேன்ல. அது தெரியாதா அவளுக்கு?

விழுப்புரம் தாண்டிடுச்சு. வெயில் ஏறுது. ராத்திரியெல்லாம் தூங்கல தம்பி, கண்ணு சொக்குது. தாம்பரத்துல இறங்கினா எனக்கு அம்பத்தூர் போகச் சுளுவு. நீங்க அதையும் தாண்டித்தானே போறீங்க? தாம்பரம் வந்ததும் என்னை எழுப்பி விட்டுடுங்க. தொட்டு எழுப்பினா எனக்குத் தெரியாது, மரம் மாதிரி தூங்குவேன். பேர் சொல்லிக் கூப்பிடுங்க. உலகநாதன்.

ரெண்டு தடவை கூப்பிடுங்க தம்பி, மறந்துடாதீங்க. ஒரு தடவை மட்டும் கூப்பிட்டீங்கன்னா, தூக்கக் கலக்கத்துல அவதான்னு நெனச்சு, "இதோ வர்றேன்"னு சொல்லிடுவேன்.